வெறும் பில் கொடுக்காதீர்! உள்ளாட்சிப் பணத்தில் நடக்கும் மோசடியும் வியாபாரியின் கடமையும்



ஊராட்சியோ, பேரூராட்சியோ, நகராட்சியோ, மாநகராட்சியோ, எந்த ஊரில் கடை வைத்திருந்தாலும் உள்ளாட்சியோடு நமக்குக் கொடுக்கல் வாங்கல் உண்டு. சொத்து வரி, தொழில் வரி, தொழில் உரிமக் கட்டணம், குப்பைக் கட்டணம், சந்தைச் சுங்கம், நகராட்சிக் கடை வாடகை என்று பணம் கட்டுகிறோம். பிளீச்சிங் பவுடர், பினாயில், துடைப்பம், சுண்ணாம்பு, பல்பு என்று பொருள் விற்றுப் பணம் வாங்குகிறோம். ஆகவே உள்ளாட்சிப் பணத்தில் ஒருவர் கை வைத்தால், அந்தச் சுவடு பெரும்பாலும் ஒரு வியாபாரியின் ரசீதிலோ பில்லிலோதான் தெரியும்.

மோசடியை முதலில் பார்க்கக்கூடியவர் நாம். அதே மோசடியில் நம்மை அறியாமல் சிக்கிக்கொள்ளக் கூடியவரும் நாம்தான். இந்த இரண்டையும் மனதில் வைத்தே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

யாருடைய பணம்?

"நகராட்சிப் பணம்தானே, நமக்கென்ன?" என்று கேட்பவர்கள் நம்மிடையே உண்டு. கடை வாசலில் சாக்கடை தேங்கினால் வாடிக்கையாளர் பக்கத்துத் தெருவுக்குப் போகிறார். தெருவிளக்கு எரியாவிட்டால் இரவு எட்டு மணி வியாபாரம் படுத்துவிடுகிறது. வசூலாக வேண்டியது வசூலாகாமல் போனால், ஒழுங்காகக் கட்டுகிறவன் தலையிலேயே அடுத்த வரி உயர்வு விழுகிறது. 2022-இல் தமிழகம் முழுவதும் சொத்து வரி சீராய்வு செய்யப்பட்டபோது கடைக்காரர்கள் பட்ட பாடு எல்லோருக்கும் நினைவிருக்கும். ஓட்டைப் பானையில் எவ்வளவு ஊற்றினாலும் நிறையாது. ஓட்டையை அடைப்பது நம் நலனுக்கே.

இரண்டு பெரிய பாடங்கள்

பழைய பாடம் சென்னையில். மாநகராட்சியில் வேலைக்கு வராத ஆட்களின் பெயரை வருகைப் பட்டியலில் எழுதிக் கூலி எடுத்த 'மஸ்டர் ரோல்' ஊழல் வெடித்ததையொட்டி, 1973-இல் மாநகராட்சி மன்றமே கலைக்கப்பட்டது. மறுபடி தேர்தல் நடந்து மன்றம் அமைந்தது 1996-இல். இருபது ஆண்டுகளுக்கும் மேல் சென்னை மக்களுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மேயரோ கவுன்சிலரோ கிடையாது. பொய்க் கணக்கு எழுதியவர்கள் சிலர். விலை கொடுத்தது ஊர் முழுவதும்.

புதிய பாடம் மதுரையில். அலுவலர்களின் கணினிக் கடவுச்சொல்லைப் பயன்படுத்திக் கட்டடங்களின் சொத்து வரியைக் குறைத்துப் பதிந்தார்கள் என்ற வழக்கு 2025-இல் பெரிதாகி, பலர் கைதாயினர். மண்டலத் தலைவர்கள் ஐவரும் பதவி விலகினர். குற்றம் யாருடையது என்பதை நீதிமன்றம்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் கைப்புத்தகம் போய்க் கணினி வந்துவிட்டதால் மோசடி ஒழிந்துவிட்டது என்று யாரும் எண்ணக் கூடாது என்பது உறுதியாகிவிட்டது. வரியைக் குறைத்துத் தருகிறேன் என்று ஒருவர் வந்தால், குறைக்கப்பட்ட வரி பின்னால் நிலுவையாகத் திரும்பி வரும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

மோசடி எப்படி இருக்கும்?

1. ரசீது மோசடி. வசூலுக்கு வருபவர் ரொக்கம் வாங்கிக்கொண்டு "ரசீது நாளைக்கு" என்பார். அல்லது துண்டுச் சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். இன்று உங்களிடம் வாங்கியதை, முந்தைய மாதம் வேறொருவரிடம் வாங்கிச் செலவழித்த தொகைக்கு ஈடாகக் கட்டுவார். உங்கள் கணக்கை அடுத்த மாதம் இன்னொருவர் பணத்தில் நேர் செய்வார். சங்கிலி அறுகிற நாளில் கடைசியாகக் கொடுத்தவர் பாக்கிக்காரராக நிற்பார்.

2. போலி அதிகாரி. கோப்பும் அடையாள அட்டையுமாக வந்து, "தொழில் உரிமம் புதுப்பிக்கவில்லை, கடைக்குப் பூட்டுப் போடுவோம்" என்று மிரட்டிப் பணம் பறிப்பவர்கள். இப்போது செல்போனில் பேசி, ஒரு தனிநபர் எண்ணுக்குப் பணம் அனுப்பச் சொல்வதும் உண்டு. உள்ளாட்சிக்குச் சேர வேண்டிய பணம் எந்தக் காலத்திலும் தனிநபர் கணக்குக்குப் போகாது.

3. அளவு மோசடி. 1,200 சதுர அடிக் கடையை 600 சதுர அடி என்றோ, வணிகக் கட்டடத்தைக் குடியிருப்பு என்றோ பதிந்து, மிச்சமாகும் வரியில் பங்கு கேட்பது. கட்டட உரிமையாளருக்கு இது லாபம் போலத் தெரியும். மறு அளவீடு நடக்கும் நாளில் நிலுவையும் வழக்கும் சேர்ந்து வரும்.

4. ஏல மோசடி. சந்தைச் சுங்கக் குத்தகை, நகராட்சிக் கடை ஏலம், கழிப்பிடக் குத்தகை ஆகியவற்றில் நான்கைந்து பேர் கூடிப் பேசி, ஒருவர் மட்டும் உயர்த்திக் கேட்க மற்றவர்கள் ஒதுங்குவது. ஒதுங்கியவர்களுக்கு ஆளுக்கு ஒரு தொகை கிடைக்கும். ஏலம் மலிவாகப் போகும். இப்படிக் கூட்டுச் சேர்வது 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டத்துக்கு விரோதம். குறைந்த வாடகைக்கு நகராட்சிக் கடையை எடுத்துப் பல மடங்கு உள்வாடகைக்கு விடுவதும் இதன் தம்பிதான்.

5. சுங்கத்தில் கூடுதல் வசூல். அறிவிக்கப்பட்ட கட்டணப் பலகையை மறைத்துவிட்டுத் தலைச்சுமைக்கும் வண்டிக்கும் இஷ்டம்போல் வசூலிப்பது. குத்தகைக்காரர் எவ்வளவு வாங்கலாம் என்பது ஏல நிபந்தனையிலேயே இருக்கும். அந்த நகலைக் கேட்டு வாங்கிச் சந்தையில் ஒட்டினாலே பாதி வழக்கு தீர்ந்துவிடும்.

6. பொய் பில். நம்மைச் சிறைவாசல் வரை கொண்டுபோகக் கூடியது இதுதான் என்பதால் இதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

வெறும் பில்லின் விலை

ஒரு மளிகைக் கடையை எடுத்துக்கொள்வோம். உள்ளாட்சி அலுவலகத்துக்கு வழக்கமாகப் பொருள் கொடுப்பவர். மூட்டை 900 ரூபாய் என்று பத்து மூட்டை பிளீச்சிங் பவுடர் கொடுக்கிறார். வரி நீங்கலாக ரூ.9,000. வந்தவர் சொல்கிறார்: "அண்ணாச்சி, பில்லை நாற்பது மூட்டையாகப் போடுங்கள். மீதியை எடுத்துக் கொடுத்துவிடுங்கள். உங்களுக்குப் பத்துச் சதவீதம்."

பில் ரூ.36,000. வித்தியாசம் ரூ.27,000. கடைக்காரருக்குக் கிடைப்பது ரூ.2,700. கல்லாவில் உட்கார்ந்தபடி சம்பாதித்த பணம் என்று தோன்றும். இனிக் கணக்கைப் பாருங்கள்.

முதலாவது, முழுத் தொகையும் கடைக்காரரின் வங்கிக் கணக்குக்கு வருகிறது. அவர் எடுத்துக் கொடுத்த ரொக்கத்துக்கு யாரும் ரசீது தரமாட்டார்கள். விசாரணை என்று வந்தால் பணம் வாங்கியவர் அவர் ஒருவர்தான்.

இரண்டாவது, புத்தகத்தில் அந்த 27,000 ரூபாயும் அவருடைய விற்பனை. கொள்முதல் இல்லாத விற்பனை என்பதால் அத்தனையும் லாபமாகத் தெரியும். கைக்கு வந்தது 2,700. வருமான வரிக் கணக்கில் நிற்பது 27,000.

மூன்றாவது, இருப்பு உதைக்கும். பத்து மூட்டை வாங்கி நாற்பது மூட்டை விற்க முடியாது. முப்பது மூட்டைக்கு எங்கிருந்தாவது ஒரு பொய்க் கொள்முதல் பில் வாங்க வேண்டும். ஒரு பொய்யை மறைக்க இன்னொரு பொய். ஜி.எஸ்.டி. கணக்கில் விற்றவர் கணக்கும் வாங்கியவர் கணக்கும் ஒப்பிடப்படுவதால் இது நெடுநாள் ஒளிந்திருக்காது. சரக்குக் கொடுக்காமல் பில் மட்டும் கொடுத்தால், ஜி.எஸ்.டி. சட்டத்தின் 122-ஆம் பிரிவின்படி ரூ.10,000 அல்லது ஏய்த்த வரிக்குச் சமமான தொகை, இவற்றில் எது அதிகமோ அது அபராதம்.

நான்காவது, குற்ற வழக்கு. 1-7-2024 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்துவிட்டது. பழைய 420 என்று நாம் சொல்லும் மோசடிக் குற்றம் இப்போது 318-ஆம் பிரிவு. ஏமாற்றிப் பொருளைப் பெற்றால் ஏழாண்டு வரை சிறை. பொய் ஆவணம் தயாரித்தல், அதைப் பயன்படுத்துதல் ஆகியவற்றுக்குத் தனிப் பிரிவுகள் உண்டு. கையெழுத்துப் போட்ட அலுவலர் ஒரு குற்றவாளி என்றால், பில் கொடுத்தவர் இன்னொருவர்.

இதே குடும்பத்தைச் சேர்ந்தது மூன்று கொட்டேஷன் விவகாரம். "உங்கள் கொட்டேஷனோடு வேறு இரண்டு கடை லெட்டர் பேடிலும் விலையைக் கூட்டிப் போட்டு நீங்களே கொண்டுவந்துவிடுங்கள்" என்பார்கள். பக்கத்துக் கடைக்காரரும் நட்புக்காக வெற்று லெட்டர் பேடில் முத்திரை வைத்துக் கொடுத்துவிடுவார். தணிக்கையில் மூன்றும் ஒரே கையெழுத்து, ஒரே பிழை, ஒரே தேதி என்று தெரியும்போது நட்புக்குக் கொடுத்தவரும் விசாரணைக்குப் போக வேண்டும். வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போட்டுத் தெருவில் வைப்போமா? வெற்று பில்லும் வெற்று லெட்டர் பேடும் அதற்குச் சமம்.

பெரிய கொள்முதலை டெண்டருக்குப் போகாமல் சின்னச் சின்ன பில்லாக உடைத்துக் கேட்பதும் கவனிக்க வேண்டியது. ஒரே நாளில், அடுத்தடுத்த எண்களில், ஒரே பொருளுக்கு நாலு பில் கேட்டால் காரணம் கேளுங்கள். அரசு, உள்ளாட்சிக் கொள்முதல்களுக்கென்றே தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவின்மைச் சட்டம், 1998 இருக்கிறது.

நம் கடையில் பின்பற்ற வேண்டியவை

வரியைக் கூடியவரை அலுவலகக் கவுன்ட்டரிலோ, உள்ளாட்சியின் அதிகாரபூர்வ இணையதளத்திலோ கட்டுங்கள். காசோலையை ஆணையாளர், செயல் அலுவலர் என்று பதவிப் பெயருக்கே எழுதுங்கள். ஆள் பெயருக்கு வேண்டாம்.

ரசீதில் வரிவிதிப்பு எண், அரையாண்டு, தொகை, தேதி, வரிசை எண் ஐந்தும் சரியா என்று வந்தவர் போவதற்கு முன் பாருங்கள். தொழில் வரி ஆண்டுக்கு ரூ.2,500-க்கு மேல் விதிக்க அரசியல் சட்டத்தின் 276-ஆவது பிரிவு இடம் தரவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

அரையாண்டுக்கு ஒரு முறை உங்கள் வரிவிதிப்பு எண்ணுக்கு நிலுவை இருக்கிறதா என்று சரிபாருங்கள். ரசீது கையில் இருந்தும் அலுவலகக் கணக்கில் பாக்கி நின்றால் அன்றே எழுத்து மூலம் கேளுங்கள். ரசீது மோசடி பெரும்பாலும் இப்படித்தான் வெளிவரும்.

உள்ளாட்சிக்குச் சரக்கு அனுப்பினால் டெலிவரி சலானில் பெற்றவர் கையெழுத்து, பதவி, எண்ணிக்கை வாங்கி வையுங்கள். பில்லில் இருப்பதும் சலானில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். பில் புத்தகத்தைப் பூட்டி வையுங்கள். கடைப் பையனுக்கும் கணக்குப்பிள்ளைக்கும் சொல்லி வையுங்கள்.

அடையாள அட்டையோடு வந்தவர் மீது சந்தேகம் வந்தால், சண்டை போட வேண்டாம். உட்கார வைத்துவிட்டு அலுவலகத்துக்குப் போன் செய்து கேளுங்கள். அலுவலர் என்றால் காத்திருப்பார். போலி என்றால் டீ வருவதற்குள் காணாமல் போவார். அரசு ஊழியர் போல வேடமிடுவது 204-ஆம் பிரிவின் கீழ்த் தனிக் குற்றம். உடனே காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள்.

புகாரை எங்கே கொடுப்பது?

முதலில் உள்ளாட்சியின் தலைமை அலுவலர்: நகராட்சி, மாநகராட்சிக்கு ஆணையாளர், பேரூராட்சிக்குச் செயல் அலுவலர், கிராம ஊராட்சிக்கு வட்டார வளர்ச்சி அலுவலர். மாவட்ட ஆட்சித்தலைவரே ஊராட்சிகளின் ஆய்வாளர். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் அவரிடம் மனு கொடுத்து, மனு எண் வாங்கிக்கொள்ளுங்கள். கிராமத்தில் இருப்பவர்கள் கிராம சபையில் வரவு செலவைப் படிக்கச் சொல்லிக் கேட்கலாம்.

பணம் கையாடல், பொய்க் கணக்கு என்றால் உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறைக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். நகர உள்ளாட்சி அமைப்புகளில் நடக்கும் முறைகேடு பற்றி, 2014-ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த உள்ளாட்சி முறைமன்ற நடுவத்திடமும் முறையிடலாம்.

லஞ்சம் கேட்கப்பட்டால் நேரே போக வேண்டிய இடம் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககம். நாம் லஞ்ச ஒழிப்புப் போலீஸ் என்போமே, அதுதான். ஒரு முக்கியமான மாற்றம் பல வியாபாரிகளுக்குத் தெரியாது. 1988-ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டம் 2018-இல் திருத்தப்பட்டபின், லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளி. ஏழாண்டு வரை சிறை உண்டு. வற்புறுத்தலுக்கு ஆளாகிக் கொடுத்தவர் ஏழு நாட்களுக்குள் காவல் துறையிலோ விசாரணை அமைப்பிடமோ தெரிவித்துவிட்டால் அவருக்குக் குற்றமில்லை. கொடுப்பதற்கு முன்பே தெரிவித்து, அவர்கள் சொன்னபடி கொடுத்தாலும் குற்றமில்லை. ஆகவே "கொடுத்தாகிவிட்டது, இனி என்ன செய்ய" என்று எட்டாம் நாள் வரை உட்கார்ந்திருக்க வேண்டாம்.

சந்தேகம் மட்டும் இருக்கிறது, ஆதாரம் இல்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 கைகொடுக்கும். கட்டணம் பத்து ரூபாய். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளில் முதல் மேல்முறையீடு. அதிலும் தீராவிட்டால் 90 நாளில் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. "ஊழல் நடந்ததா?" என்று கேட்டால் பதில் வராது. "இன்ன மாதம் இன்ன பொருள் எத்தனை, யாரிடம், என்ன விலைக்கு வாங்கப்பட்டது, பில், இருப்புப் பதிவேட்டுப் பக்கம் ஆகியவற்றின் நகல் வேண்டும்" என்று ஆவணத்தைக் கேளுங்கள். சந்தை ஏல நிபந்தனை, கடை வாடகைப் பட்டியல், தணிக்கை அறிக்கை எல்லாம் கேட்கலாம். நேரில் சென்று கோப்பைப் பார்வையிடவும் உரிமை உண்டு.

புகார் எப்படி எழுதுவது?

மொட்டைக் கடுதாசி வேண்டாம். அதை எடுத்து நடவடிக்கை எடுப்பார்கள் என்று நம்பி இருக்க முடியாது. பெயர், முகவரி, கையெழுத்தோடு எழுதுங்கள். தனியாக எழுதத் தயங்குகிறவர்கள் சங்கத்துக்கு வாருங்கள். சங்கத்தின் லெட்டர் பேடில், தீர்மானத்தோடு போகும் மனுவுக்கு எடை அதிகம். ஒரு கடைக்காரரை மட்டும் குறிவைத்துப் பழிவாங்குவதும் கடினம்.

என்ன நடந்தது, எந்தத் தேதி, எந்த இடம், எவ்வளவு தொகை, யார் பார்த்தது, என்ன ஆவணம் இருக்கிறது: இவ்வளவுதான் புகார். கண்ணால் கண்டதை "கண்டேன்" என்றும், பிறர் சொன்னதை "கேள்விப்பட்டேன்" என்றும் பிரித்து எழுதுங்கள். அடைமொழியும் வசையும் புகாரைக் கெடுக்கும். ஆவணங்களின் நகலை மட்டும் இணையுங்கள். அசல் உங்கள் பெட்டியில் இருக்கட்டும். ஒப்புகை கிடைக்கும் வகையில் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடை ஏலத்தில் தோற்ற கோபத்தில், அல்லது பக்கத்துக் கடைக்காரர் மீதுள்ள காய்ச்சலில் பொய்ப் புகார் எழுதாதீர்கள். தெரிந்தே பொய்த் தகவல் கொடுப்பதும் 217-ஆம் பிரிவின் கீழ்க் குற்றம். கணக்கில் தவறு நேர்வதும் உண்டு. எழுத்தர் எண்ணை மாற்றி எழுதியதையெல்லாம் கொள்ளை என்று கூவினால், உண்மையான கொள்ளையைச் சொல்லும் நாளில் நம் பேச்சு எடுபடாது. முதலில் எழுத்து மூலம் விளக்கம் கேளுங்கள். விளக்கம் சரியாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

ஏற்கனவே பொய் பில் கொடுத்துவிட்டவர் என்ன செய்வது? இப்படிக் கலங்கி நிற்பவர்களும் இருக்கலாம். பில் புத்தகத்தைக் கிழித்து எறிவது, தேதி மாற்றி எழுதுவது ஆகியவை குற்றத்தைப் பெரிதாக்கும். உள்ளது உள்ளபடி எடுத்துக்கொண்டு ஒரு நல்ல வழக்கறிஞரையும் உங்கள் கணக்குத் தணிக்கையாளரையும் உடனே பாருங்கள். நோட்டீஸ் வரும் முன் போவதற்கும், வந்த பிறகு போவதற்கும் வித்தியாசம் உண்டு.

"இல்லை" என்று சொல்லும் வழக்கம்

பெரிய ஆட்கள் கேட்கும்போது எப்படி மறுப்பது என்பதே நம்மில் பலருடைய கவலை. ஆர்டர் போய்விடும், லைசென்ஸில் இழுத்தடிப்பார்கள் என்ற பயம் நியாயமானதே. அதற்கு ஒரே மருந்து, ஒருவர் மறுத்தால் அடுத்த கடைக்காரர் கொடுத்துவிடாமல் இருப்பதுதான். ஒரு கடைவீதியில் நாற்பது கடையும் "சரக்கு எவ்வளவோ பில் அவ்வளவு" என்று சொல்லிவிட்டால், கேட்க வருபவர் எந்தக் கடைக்குப் போவார்?

அடுத்த மாதாந்திரக் கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாகக் கிளைச் சங்கங்கள் நிறைவேற்றலாம். அதை அச்சடித்துக் கல்லாவுக்கு மேலே மாட்டிவிட்டால், "சங்கத்துக் கட்டுப்பாடு, என்னால் முடியாது" என்று தன்மையாகச் சொல்லி அனுப்ப அதுவே போதும்.